மாணிக்கமும் மெனிக்கேயும்

சப்ரகமுவ மாகாணத்தின் தலைநகர் இரத்தினபுரி. மணிகளின் நகர் என்பது அப்பெயரின் பொருள். அந்நகரைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் மாணிக்கம் என்பது தமிழ் ஆடவரின் பெயர். தோட்ட எல்லையைக் கடந்தால், சிங்களச் சிற்றூர்களில் மெனிக்கே என்பது பெண்டிரின் பெயர். ஒலியொப்புமை கொண்டு, ஒரு மொழியினர் மற்றவரிடம் இப்பெயரைக் கடன் பெற்றனர் எனத் துணிவோர் உளர். அத்துணிபு சொல்வரலாற்றுக்கு ஒவ்வாது.

வடமொழியில் 'மாணிக்ய' என நின்ற சொல் பிராகிருதத்தில் 'மாணிக்க' என மெலிந்தது. தமிழ் அதனோடு அம் விகுதி சேர்த்து மாணிக்கம் என ஆக்கிக்கொண்டது. கண்ணகியின் சிலம்பில் இருந்த பரல் மாணிக்கம் என்பதே சிலப்பதிகார வழக்குரைத்தலின் திருப்புமுனை. சிங்களத்திலோ, பின்வரும் இகரத்தின் சார்பால் முன்னுள்ள அகரம் திரிந்து 'மெணிக்' என்றாயிற்று. சிங்கள மொழியின் இவ்வுயிர்த்திரிபினை வில்ஹெல்ம் கைகர் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆகவே இரு பெயரும் ஒரு மூலத்தினின்று தனித்தனி வழியே வந்த உடன்பிறப்புகள். வங்காளத்தில் இதே சொல் மாணிக் என ஆடவர் பெயராயிற்று. நாவலாசிரியர் மாணிக் பந்தோபாத்யாயர் (1908–1956) அதற்குச் சான்று. மலாய் மொழியிலோ, தமிழ்வழிச் சென்ற 'மணிக்கம்' இன்றும் மணியையே குறிக்கும்.

பொருள் ஒன்றாயினும் இவ்விரு பெயரும் பெற்ற மதிப்பு ஒன்றன்று. கண்டி இராச்சியத்தில் மெனிக்கே என்பது உயர்குடிப் பெண்டிரைச் சுட்டும் மதிப்புச் சொல். பின்னரே அது எளிய குடும்பங்களிலும் இயற்பெயராகப் பரந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தமிழகத்தினின்று வந்த தொழிலாளரோடு வந்த மாணிக்கமோ, தோட்டத்துப் பேரேட்டில் ஒரு கூலியாளின் பெயராக ஆங்கில எழுத்தில் பதிவாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தையின் அல்லது பாட்டனின் பிறப்புக்குச் சான்று கேட்டபோது, அப்பெயருக்குரியோருள் பெரும்பாலார் நாடற்றவராயினர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அவ்வழக்கு முற்றுப்பெறவில்லை.

வேலியின் ஒருபுறம் மண்ணின் பெயராகவும் மறுபுறம் வந்தேறியின் பெயராகவும் ஒரே சொல் எண்ணப்பட்டது. சொல்லின் பிறப்பை ஆராய்வோர்க்கு இப்பாகுபாடு நிலைபெறாது. இரண்டும் இத்தீவுக்குக் கடல் கடந்து வந்தவையே. முந்தி வந்தது, பிந்தி வந்தது என்பதன்றி வேறு வேறுபாடில்லை. பெயரைக் கொண்டு ஒருவரின் உரிமையை அளப்பது மொழியறிவும் அன்று, அறமும் அன்று.