அரும்பொருட்சாலையும் வட்டக்களரியும்

கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1917இல் பொஸ்ரன் நுண்கலை அரும்பொருட்சாலையில் இந்தியக் கலைப்பிரிவின் பொறுப்பை ஏற்றார். இராஜபுத்திர ஓவியம் (1916), சிவநடனம் (1918) பற்றிய அவரது நூல்கள் குடியேற்ற ஆட்சியின் இழிவுரைக்குத் தக்க மறுமொழிகளே. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் அப்பார்வையில் ஆடல் தத்துவமாயிற்று, ஆடியவர் மறைந்தனர். முப்பதுகளிற் சதிர் பரதநாட்டியமெனப் பெயர்மாறி மேடையேறியது. 1947இன் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்தது. கொடுமை ஒழிந்தது நன்று. கலையின் உரிமையோ வேறு வர்க்கத்தாரிடம் சென்றது.

வன்னியிலிருந்து நோக்குவார்க்கு இவ்வரலாறு புதிதன்று. கண்ணகி வழிபாடு வேரூன்றிய முல்லைத்தீவில் உழவர் ஆடிய கோவலன் கூத்தை நம் அறிஞருட் பலர் ‘கிராமியம்’ என்ற அடைமொழியின்றிக் குறிப்பிடுவதில்லை. (‘சாஸ்திரியம்’ என்பதும் ஒரு வர்க்கத்தின் அடைமொழியே.) கூத்துடுப்பைக் கண்ணாடிப் பேழையுள் வைப்பது எளிது. 2009இல் முற்றாக இடம்பெயர்ந்து மீண்ட ஊர்களிற் களரிக்கு நிலமும், கூலிக்குச் செல்லும் இளைஞர்க்கு ஒத்திகைக்கான இரவுகளும் யார் தருவார்?