ஒரு கை கொழுந்து

பதுளைக்குப் போகும் ரயிலுக்குக் கடைசிக்கு முந்திய நிலையம் ஹாலிஎல. சுற்றிலும் மலைமலையாகத் தேயிலை. துக்கப்பட்டவளைத் தேற்றத் தெரியாமல் நாம் வார்த்தை தேடுவோம். இங்கே கொழுந்து எடுக்கும் பெண்கள் தேடுவதில்லை.

தோட்டத்தில் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழ வேண்டுமென்றால், கேட்ட கிலோ தராசில் நிற்க வேண்டும். பல தோட்டங்களில் அது 18 கிலோ. குறைந்தால் அரைப்பேர். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350 ஆனது. கிலோக் கணக்கு மட்டும் விட்டுப்போகவில்லை. புருஷனைப் பறிகொடுத்து, முப்பதாம் நாள் முடிந்து மலைக்கு வந்தவளுக்கு விரல் ஓடுமா?

பக்கத்து நிரைக்காரி ஒன்றும் கேட்பதில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கும் வழியில் தன் சாக்கை அவிழ்க்கிறாள். இரண்டிலையும் மொட்டுமாக ஒரு கை அள்ளித் துக்கப்பட்டவள் சாக்கில் போடுகிறாள். “இந்தா புள்ள, எனக்கு தலைக்கயிறு இழுக்குது” என்கிறாள். பின்னால் வருகிறவளுக்கும் அன்றைக்கு என்னவோ சாக்கு கனக்கிறது!

அழகு அந்தப் பொய்யில்தான் இருக்கிறது. கொடுப்பது இரக்கமாகத் தெரியக் கூடாது, சுமையைக் குறைப்பதாகத் தெரிய வேண்டும். மரண உதவிச் சங்கத்தின் பணம் கொப்பியில் ஏறும், அதுவும் வேண்டியதுதான். இந்தக் கொழுந்துக்குக் கணக்கில்லை. தராசு முள் 18ஐத் தொடும்போது, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெற்றிலை மடிக்கிறாளே, அவளுக்கு மட்டும் தெரியும்.