இழுக்கும் எண்ணும் தாங்கும் எண்ணும்

வட அமெரிக்காவில் பிக்கப் டிரக் விற்கிறவர்கள் முதலில் சொல்வது ஒரே ஒரு எண்: இந்த வண்டி எவ்வளவு இழுக்கும். 2023ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-150 வகைகளில் உச்சமாக 14,000 பவுண்டு என்று விளம்பரம் வந்தது. குடும்பங்கள் வழக்கமாக வாங்கும் வகைகளிலும் 9,000, 11,000 என்ற எண்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். டிராவல் டிரெய்லர் வாங்கப் போகிறவர் அந்த 11,000ஐ மனத்தில் வைத்துக்கொண்டு, 7,000 பவுண்டு டிரெய்லர் ஒன்றைப் பார்த்துவிட்டு, இன்னும் நாலாயிரம் மிச்சம் இருக்கிறது என்று நிம்மதி அடைகிறார். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. டிரெய்லரைத் தேர்ந்தெடுக்க விளம்பர எண் உதவாது. அதற்கு உதவும் எண் வேறு இடத்தில் இருக்கிறது.

ஆனாலும் விளம்பர எண் பொய்யில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி சோதித்துத் தன் எண்ணைத் தானே அறிவித்தது. 2008இல் எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு ஜே-2807 என்ற பொது அளவுகோலை வெளியிட்டது. 2011 மாடல்களில் டொயோட்டா அதை முதலில் ஏற்றது. அதன் டண்ட்ரா டிரக்கின் இழுவை எண்கள் உடனே இறங்கின. விற்பனைக்குப் பாதகம் என்று தெரிந்தே செய்த நேர்மையான காரியம் அது. மற்ற நிறுவனங்கள் சில ஆண்டுகள் தயங்கிவிட்டுப் பின்தொடர்ந்தன. சோதனையும் லேசானதில்லை. அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணையருகே தொடங்கும் 68ஆம் எண் சாலையின் நீண்ட ஏற்றத்தை அளவாக வைத்திருக்கிறார்கள். வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது, ஏசி முழு வேகத்தில் ஓட வேண்டும், முழுச் சுமையோடு ஏறும்போது மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகக் கூடாது. நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தை 30 விநாடிக்குள் எட்ட வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், குளிர்விப்பு, பிரேக் எல்லாவற்றையும் இப்படிக் கசக்கிப் பார்த்துத் தரும் எண்ணை மதிக்கத்தான் வேண்டும்.

கோளாறு அந்த எண்ணுக்கு வைத்த நிபந்தனையில் இருக்கிறது. வண்டிக்குள் ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டும், தலைக்கு 150 பவுண்டு. டிரெய்லர் கொக்கியின்மேல் இறக்கும் எடை, மொத்தத்தில் 10 விழுக்காடு. பின்தொட்டி காலி. இப்போது 11,000 பவுண்டு இழுக்கும் டிரக் ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். அது தாங்கக்கூடிய சுமை 1,480 பவுண்டு என்று வைப்போம். அந்த வகுப்பில் இது வழக்கமான அளவு. கொக்கியில் 1,100, இரண்டு பேருக்கு 300, டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் கருவிக்கு 80. கூட்டினால் சரியாக 1,480. பின்சீட்டில் ஒரு குழந்தை ஏறினால் வரம்பு தாண்டிவிடும். 11,000 உண்மைதான், இரண்டு பேர் வெறுங்கையோடு போகும் பயணத்துக்கு உண்மை.

அந்த 1,480 எங்கே எழுதியிருக்கும்? ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுத்தூணில் டயர் காற்றழுத்தம் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்று இருக்கும், மஞ்சள் நிறம் கலந்தது. ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு வரி. இதைத்தான் பேலோட் என்கிறார்கள். இந்த எண் குறிப்பிட்ட அந்த ஒரு வண்டிக்கு உரியது, மாடலுக்குப் பொதுவானதில்லை. ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே எஞ்சின் உள்ள இரண்டு டிரக்குகளில் கண்ணாடிக் கூரையும் நான்கு சக்கர இயக்கமும் சொகுசு இருக்கைகளும் உள்ளது சில நூறு பவுண்டு குறைவாகத் தாங்கும். விலை கூடக் கூடத் தாங்கும் திறன் குறையும் என்பது பலர் எதிர்பாராத விஷயம். வாங்கிய பிறகு தொட்டிக்கு மூடி போட்டாலும், ஏறிமிதிக்கும் படி வைத்தாலும் அந்த எடையையும் இதிலிருந்து கழிக்க வேண்டும்.

இனி டிரெய்லரின் பக்கம். விற்பனைத் தாளில் வெற்று எடை, அதற்குரிய கொக்கி எடை என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். டிரெய்லரின் முன்மூக்கில், கொக்கிக்குச் சற்றுப் பின்னால், முக்கோணச் சட்டம் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கேஸ் சிலிண்டர்களை அங்கேதான் நிறுத்துகிறார்கள். 20 பவுண்டு அளவுச் சிலிண்டர் நிரம்பினால் ஒவ்வொன்றும் சுமார் 37 பவுண்டு. பக்கத்திலேயே பேட்டரி, 50 பவுண்டுக்கு மேல். இரண்டு பேட்டரி வைக்கிறவர்களும் உண்டு. சட்டத்துக்குப் பின்னால் முன்சுவரை ஒட்டிச் சாமான் அறை. தண்ணீர்க் குழாய், மின்கம்பி, மடக்கு நாற்காலி, கருவிப்பெட்டி எல்லாம் போவது அதற்குள். பெரும்பாலும் விற்பனைத் தாளில் சேராத இந்தச் சாமான்களில் கணிசமான பங்கு நேராகக் கொக்கியில்தான் இறங்குகிறது. குடிநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அதுவும் கூட்டும் அல்லது குறைக்கும். ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு, 40 கேலன் என்றால் 330 பவுண்டுக்கு மேல். ஆகவே தாளில் 530 என்று இருப்பது சாலையில் 850 ஆவதில் வியப்பில்லை. அதைக் குறைக்கலாம் என்று சாமானைப் பின்னால் தள்ளுவது ஆபத்தான வேலை. கொக்கி எடை மொத்தத்தில் 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால் டிரெய்லர் வேகத்தில் வாலாட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் வளர்ந்தால் டிரக்கையும் சேர்த்துக் கவிழ்க்கும். 10 முதல் 15 வரை என்பது பொது நடைமுறை. கணக்குக்கு 13 என்று வைப்பது நியாயம்.

அதே டிரக்கில் ஒரு குடும்பத்தை ஏற்றிப் பார்ப்போம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பாட்டி: 630 பவுண்டு. பின்தொட்டியில் ஐஸ்பெட்டி, சைக்கிள், விறகு: 150. ஹிட்ச் 80. டிரெய்லர் சாமானோடு 6,500. அதில் 13 விழுக்காடு 845. மொத்தம் 1,705. வரம்பு 1,480. இழுவை எண்ணில் 60 விழுக்காட்டைக்கூடத் தொடாத டிரெய்லர், தாங்கும் எண்ணை 225 பவுண்டு தாண்டிவிட்டது.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. எடைப் பகிர்வு ஹிட்ச் போட்டால் கொக்கியின் சுமையில் ஒரு பகுதி டிரெய்லரின் சக்கரங்களுக்கே திரும்பிப் போகுமே என்பார்கள். போகும். எவ்வளவு என்பதை லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடையில் மூன்று முறை நிறுத்துப் பார்த்தால் தெரியும். நம் எடுத்துக்காட்டு டிரக் குடும்பத்தோடும் சாமானோடும், ஆனால் டிரெய்லர் இல்லாமல் நின்றால் முன் அச்சில் 3,180, பின் அச்சில் 3,240. டிரெய்லரை மாட்டி, ஹிட்சின் பகிர்வுக் கம்பிகளை இறுக்காமல் நிறுத்தினால் முன்னால் 2,800, பின்னால் 4,480. ஸ்டியரிங் சக்கரங்கள் 380 பவுண்டு இழந்துவிட்டன. மழையில் வளைவு திரும்பும்போது பிடிப்பு குறைவது இதனால்தான். கம்பிகளை இறுக்கினால் முன்னால் 3,120, பின்னால் 3,980. முன் அச்சு ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டது, 180 பவுண்டு டிரெய்லருக்குப் போய்விட்டது. அருமையான கருவி, ஐயமில்லை. ஆனால் டிரக்கின் மொத்தம் 7,100. ஜி.வி.டபிள்யூ.ஆர் என்று கதவுத்தூணில் அச்சிட்டிருக்கும் மொத்த எடை வரம்பு 7,050. கருவி நிலைமையைத் திருத்தியது, வரம்புக்குள் கொண்டுவரவில்லை.

அடுத்த வாதம் அனுபவசாலிகளிடமிருந்து வரும். பின் அச்சின் வரம்பு 4,050, ஏறியிருப்பது 3,980, டயரும் தாங்கும், பிறகு 50 பவுண்டு மிகையால் என்ன கெட்டுப்போகும் என்பார்கள். அந்த 50 பவுண்டால் அச்சு முறியாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் மொத்த எடை வரம்பு அச்சையும் டயரையும் மட்டும் பார்த்து வைத்ததில்லை. அமெரிக்க விதிப்படி பிரேக் நிற்கும் தூரத்தை அந்த மொத்த எடையில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். அதற்கு மேல் எப்படி நிற்கும் என்று நிறுவனம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அதோடு, இந்த 50 ஒரு நல்ல நாளின் கணக்கு. பிள்ளைகள் வளர்வார்கள், அடுத்த பயணத்தில் தாத்தாவும் வருவார். மிச்சமே இல்லாமல் தொடங்குகிறவருக்கு ஒதுங்க இடமில்லை.

"எண்பது விழுக்காடு விதி" ஒன்றும் பரவலாகப் பேசப்படுகிறது: இழுவை எண்ணில் 80 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும் என்று. நல்லெண்ணத்தில் பிறந்த விதி, ஆனால் தவறான எண்ணின்மேல் கட்டியது. நம் டிரக்குக்கு அது 8,800 பவுண்டு டிரெய்லரை அனுமதிக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு அது பெரிய தவறு. அதே டிரக்கில் தனியாகப் போகும் ஒருவரை அது தேவையில்லாமல் கட்டுப்படுத்தவும் கூடும். இதைக் கைவிடுவதே நல்லது.

ஐரோப்பாவில் சின்னக் கார்கள்கூட கேரவன் இழுக்கின்றனவே என்ற கேள்விக்கும் பதில் உண்டு. அங்கே கேரவன்கள் எடை குறைந்தவை. பிரிட்டனில் மூக்கு எடை எனப்படும் கொக்கி எடை 5 முதல் 7 விழுக்காடு போதும் என்ற வழக்கம். ஜெர்மனியில் பொது வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர், தனி அனுமதியுள்ள இணைப்புகளுக்கு 100. குறைந்த மூக்கு எடையையும் குறைந்த வேகத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டும். கலிபோர்னியா டிரெய்லர் இழுப்பவர்களுக்கு 55 மைல் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு வெளியே 70 மைல் வேகத்தில் ஓடும் நெடுஞ்சாலைக்கு ஐரோப்பியக் கணக்கை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது.

பெரிய டிரக் வாங்கிவிட்டால் தீர்ந்ததா? பெரும்பாலும் ஆம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. முக்கால் டன் என்று அழைக்கப்படும் அடுத்த பெரிய வகுப்பில் பல வண்டிகளின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டோடு நிற்கிறது. அதில் கனமான டீசல் எஞ்சினும் சொகுசு வசதிகளும் ஏறினால் பேலோட் 2,000 பவுண்டு அளவுக்கு இறங்கிவிடும். அதே வகுப்பின் எளிய பெட்ரோல் வண்டி 3,000க்கு மேல் தாங்கும். மலையேற்றத்தில் டீசலின் வலு இன்பம்தான். அதற்காகத் தாங்கும் திறனில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே கணக்கைத் தலைகீழாகப் போடச் சொல்கிறேன். கதவோரத்து எண்ணிலிருந்து உங்கள் ஆட்களையும் சாமானையும் ஹிட்சையும் கழியுங்கள், மிச்சத்தை 0.13ஆல் வகுங்கள். நம் குடும்பத்துக்கு மிச்சம் 620; வகுத்தால் சுமார் 4,770 பவுண்டு. எடைப் பகிர்வு ஹிட்சின் உதவியைச் சேர்த்தாலும் 6,000 அளவில்தான் நிற்கும். டிரெய்லரின் வெற்று எடையை இதோடு ஒப்பிடாதீர்கள். அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் உள்ள மொத்த எடை வரம்பை ஒப்பிடுங்கள். அது பொருந்திய பிறகு பின் அச்சு, ஹிட்ச் பொருத்தும் குழாயின் ஸ்டிக்கர், டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டு எடை வரம்பு ஆகியவற்றைச் சரிபாருங்கள். இழுவை எண்ணைக் கடைசியில் பார்த்தால் போதும். நம் எடுத்துக்காட்டில் கூட்டு எடை 12,920தான். இந்த வகுப்பின் கூட்டு வரம்புகளுக்கு அது வெகு கீழே. முதலில் முட்டுவது பேலோட்.

2019 சில்வராடோ முதல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் டிரக்குகளின் கதவுத்தூணில் அந்தந்த வண்டிக்குரிய எடை, பேலோட், கொக்கி எடை, பின் அச்சு வரம்பு எல்லாவற்றையும் ஒரே ஸ்டிக்கரில் அச்சிட்டுத் தருகிறது. பாராட்டத் தக்க செயல். விளம்பரத்திலும் இழுவை எண்ணுக்குப் பக்கத்தில் பேலோடை அதே பெரிய எழுத்தில் போட எல்லா நிறுவனங்களும் முன்வர வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோவில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள். சாதாரண ஜி உரிமத்தில் இழுக்கக்கூடிய டிரெய்லருக்குப் பொதுவான வரம்பு 4,600 கிலோ. 1,360 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். எங்கே இருந்தாலும், முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் டிரக்கின் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவர் இழுவை எண்ணைச் சொல்லத் தொடங்கினால் படத்தைக் காட்டி, இந்த எண்ணுக்குள் எந்த டிரெய்லர் அடங்கும் என்று கேளுங்கள்.