பொறுமைக்குக் கூலி தரும் சண்டை

ஜப்பானிய ரோல்பிளே விளையாட்டுகளில் சண்டை என்றால் பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பதுதான் என்று நினைப்பவர்கள் ‘ஆக்டோபாத் டிராவலர்’ ஆடிப் பார்க்க வேண்டும். எதிரிக்குக் கீழே சின்னதாக ஒரு கேடயம், அதில் ஓர் எண், பக்கத்தில் கேள்விக்குறி போட்ட கட்டங்கள். வாளா, ஈட்டியா, நெருப்பா, எதற்கு மசிவான் என்று தேடித் தேடி அடித்தால் எண் ஒவ்வொன்றாகக் குறையும். பூஜ்யத்தைத் தொட்டதும் கண்ணாடி நொறுங்குவதுபோல் ஓர் ஓசை. எதிரி கிறங்கி நிற்பான்.

சுற்றுக்கு ஒன்றாகச் சேரும் பூஸ்ட் புள்ளிகளை அவசரப்பட்டுச் செலவழிக்காதவருக்கு அப்போதுதான் வேட்டை. மூன்று புள்ளிகளைச் சேர்த்து இறக்கினால், ஒரு வாள்வீச்சு நான்காகப் பாயும். யசுனோரி நிஷிகியின் இசை பின்னாலிருந்து விரட்டும். சில்லறை எதிரிகளிடம் கொஞ்சம் இழுவைதான். பெரிய சண்டைகளிலோ, காத்திருந்ததற்கு வஞ்சகமில்லாமல் கூலி கிடைக்கும்.