தபசு மரமும் பல்லவர் கல்லும்

மாமல்லபுரத்தில் வருஷாவருஷம் டிசம்பர், ஜனவரியில் சுற்றுலாத் துறை நாட்டிய விழா நடத்துகிறது. அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் பரதம் ஆடிய வருஷங்கள் உண்டு. பிறகு மேடை கடற்கரைக் கோயில் பக்கம் போயிற்று. 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் கலாக்ஷேத்ராக் குழுவின் ஆட்டம் பார்த்ததும் அங்கேதான். பல்லவர் கல் இங்கே ஒரு சட்டகம். அதற்குள் வந்து நிற்கிற உடல் தானாகவே ‘தொன்மை’ ஆகிவிடுகிறது. சதிர், பரதநாட்டியம் என்று பெயர் மாறியதே 1930களில்தான் என்பது யாருக்கு ஞாபகம்?

பாறையில் இருப்பது அர்ச்சுனனா பகீரதனா என்று ஆய்வாளர்களுக்குள் தகராறு உண்டு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், செய்யாறு பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அந்தத் தகராறே கிடையாது. பாரதம் நடக்கிறபோது கூத்து அர்ச்சுனன் நிஜமாகவே தபசு மரம் ஏறுகிறான். மேலேயிருந்து அவன் வீசுகிற எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளையில்லாத பெண்கள் கீழே காத்திருக்கிறார்கள். பார்வையாளர் என்று தனியாக அங்கே யாருமில்லை.

கூத்தையும் விழாவுக்குக் கூப்பிட்டால் சரியாப் போச்சு என்கிறார்கள் நண்பர்கள். கூப்பிட்டு? ராத்திரி முழுக்க நடப்பதை அரைமணியாக வெட்டி, மரத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வரச்சொல்வார்கள். பழத்தை அர்ச்சுனன் யாருக்கு வீசுவான், முன்வரிசை அதிகாரிக்கா?