தாய் சொன்னால் போதுமா?

மகளிர் இதழ்களிலும் யூடியூப் பேட்டிகளிலும் ஒரு வெற்றிக் கதை இப்போது அடிக்கடி வருகிறது. குழந்தைக்காக வேலையை விட்ட ஒரு பெண், தன் பிள்ளைக்கென்று தேடிப்பிடித்த ‘எஜுகேஷனல் டாய்ஸ்’களை மற்ற அம்மாக்களுக்கும் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக வீட்டிலிருந்தே விற்கத் தொடங்கி முன்னுக்கு வருகிறார். யாராவது கேள்வி கேட்டால் ஒரே பதில்தான்: “ஒரு அம்மாவுக்குத் தெரியாததா கடைக்காரருக்குத் தெரியும்?” இந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தொழிலில் நன்மை இல்லாமல் இல்லை. கைக்குழந்தையோடு வெளியே போக முடியாத பெண்ணுக்கு இது சொந்த வருமானம். கர்நாடகத்தின் சன்னபட்டணத்து மரக் கிலுகிலுப்பையும் நடைவண்டியும் நம் வீடுகளுக்குத் திரும்பி வந்ததில் இவர்களுக்குப் பங்குண்டு. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குக் கட்டாயமான ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் காட்டியே விற்பவர்களும் இருக்கிறார்கள். எல்லாம் சரி.

பொம்மையோடு சேர்த்துப் பயத்தையும் விற்கிறார்கள் என்பதே என் நெடுநாள் குற்றச்சாட்டு. “அஞ்சு வயசுக்குள்ள மூளை 90 சதவீதம் வளர்ந்துடும் மம்மீஸ், இந்த நேரத்தை மிஸ் பண்ணாதீங்க” என்று ஃப்ளாஷ் கார்டு படத்தின் கீழே எழுதியிருக்கும். ஐந்தாறு வயதில் மூளை, பெரியவர்களுடைய மூளையின் அளவில் ஏறத்தாழ 90 சதவீதத்தை எட்டிவிடுவது உண்மைதான். அது உருவத்தின் கணக்கு. கற்கும் திறனில் முக்காலே மூணுவீசம் அதோடு முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. அட்டை வாங்காத வீட்டுப் பிள்ளையின் மூளையும் அப்படித்தான் வளர்கிறது. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அசதியோடு ஃபோனைக் கையில் எடுக்கும் தாய்க்கு இதையெல்லாம் அலசிப் பார்க்கத் தெம்பு ஏது? நம் குழந்தை பின்தங்கிவிடுமோ என்று பதறி ஜிபே செய்துவிடுகிறார்.

சொல்பவர் இன்னொரு தாய் என்பதால் தவறு சிறிதாகிவிடாது. கடைக்காரர் சொன்னால் வியாபாரப் பேச்சு என்று தள்ளிவிடுவோம். தாய் சொல்லும்போது நம்பிவிடுகிறோம். அவரும் மனதார நம்பித்தான் சொல்கிறார். ஆனால் நம்பிக்கை ஆதாரம் ஆகாது. அமெரிக்காவில் ஜூலி ஐக்னர் கிளார்க் என்ற முன்னாள் ஆசிரியை 1990களில் தன் குழந்தைக்காக வீட்டு நிலவறையில் படம்பிடித்துத் தொடங்கியதுதான் ‘பேபி ஐன்ஸ்டைன்’ என்ற குழந்தை வீடியோ வரிசை. 2001இல் டிஸ்னி அதை வாங்கியது. பச்சிளங்குழந்தைக்கு அறிவு வளரும் என்ற நினைப்பில் பெற்றோர் அந்த வீடியோக்களை வாங்கிக் குவித்தார்கள். ஆதாரம் எங்கே என்று நுகர்வோர் தரப்பில் புகார் எழுந்தபின் விளம்பரத்திலிருந்து ‘கல்வி’ என்ற சொல்லை எடுத்தார்கள். 2009இல் வீடியோவுக்குப் பணத்தையும் திருப்பித் தர முன்வந்தார்கள். அந்தத் தாயின் பாசத்தில் பொய் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அந்தப் பாசத்தால் குழந்தைகளுக்குப் பேச்சோ அறிவோ கூடிவிடவில்லை, அவ்வளவுதான்.

இங்கே எல்லாப் பொருளிலும் ஒட்டப்படும் பெயர் மாண்டிசோரி. கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவருடைய உருளைக் கட்டையில் ஒவ்வோர் உருளைக்கும் பொருந்தும் குழி ஒன்றுதான். ஒன்றை மாற்றி வைத்தால் கடைசியில் ஏதோ ஒன்று இடமில்லாமல் நிற்கும். தவறு எங்கே என்று குழந்தை தானே தேடும். பெரியவர் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது ஒரு விற்பனை வீடியோவைப் பாருங்கள். இரண்டரை வயதுக் குழந்தை கோலில் வளையங்களை மாட்டுகிறது. சின்ன வளையத்தை முதலில் எடுக்கிறது. திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு அதை மெல்ல வாங்கிக்கொண்டு, பெரியதைத் தருகிறது. கடைசி வளையம் விழுந்ததும் குழந்தை கேமராவைப் பார்க்கிறது. கைதட்டல், கீழே விலை. அந்தப் பிள்ளை விளையாடவில்லை, வேலை செய்கிறது. அடுத்த வாரம் வேறு சரக்கு வரும்போது மறுபடியும் செய்யும். இதற்கு மாண்டிசோரி என்று பெயர் சூட்டுவது அந்த அம்மையாருக்குச் செய்யும் அநீதி.

‘கல்வி’ என்று சொல்லி விற்கும் பொம்மைகளின் வாக்குறுதிகள் பலவற்றுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று 2018 இறுதியில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் எச்சரித்தது. குழந்தையோடு உட்கார்ந்து பேசி விளையாடும் பெரியவருக்கே அது முதலிடம் தந்தது. சொப்புச் சாமானோ, காலி அட்டைப்பெட்டியோ, பாட்டி ஆடும் பல்லாங்குழியோ அதற்குப் போதும்.

ஆகவே மரம் எது, பூசிய வண்ணம் எது, எத்தனை வயதுக்கு, வாயில் போட்டு விழுங்கக்கூடிய சிறு பாகம் உண்டா, பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்பதை மட்டும் எழுதி விற்கட்டும். ஐக்யூ, மூளை வளர்ச்சி என்ற வார்த்தைகளை எடுத்துவிடட்டும். எடுத்தால் விற்பனை பாதியாகிவிடும் என்கிறார்கள். பாதியாகட்டும். அந்தப் பாதி, பயந்து வாங்கியவர்களின் பணம்.