இமானுவல் ரொப்ளெஸின் எழுத்தும் நட்பும்

அல்ஜீரியாவில் பிறந்த பிரெஞ்சு எழுத்தாளர் என்றதும் நம்மவர்கள் அல்பேர் காம்யுவையே சொல்வர். அவரது நண்பரான இமானுவல் ரொப்ளெஸைப் (1914 - 1995) பற்றிப் பேசுவோர் அரிது. நாவலாசிரியர், நாடகாசிரியர்; ஒரான் நகரில் ஸ்பானிய வம்சாவழித் தொழிலாளர் குடும்பமொன்றில் பிறந்தவர். கொத்துவேலை செய்த தந்தை, மகன் பிறக்கு முன்பே இறந்துபோனார்.

காம்யுவின் 'அந்நியன்' (1942) நாவலில் சுட்டுக் கொல்லப்படும் அரபிக்குப் பெயரே கிடையாது. 1948 இல் ஃபெமினா பரிசு பெற்ற ரொப்ளெஸின் 'நகரின் உயரங்கள்' நாவலுக்கோ கதாநாயகனே ஸ்மாயில் என்ற முஸ்லிம் இளைஞன்தான். ஜெர்மனியருக்காக அல்ஜீரியரைக் கூலிகளாகத் திரட்டும் அல்மாரோவைப் பழிதீர்க்கப் புறப்படுகிறான் அவன். பெயர் சூட்டியது மட்டுமல்ல விடயம். அக்கோபத்துக்கு நியாயம் உண்டு என்பதை, விடுதலைப் போர் வெடிப்பதற்கு ஆறு வருடங்களுக்கு முன்னரே ஒரு பிரெஞ்சு நாவல் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அதே 1948 இல் மேடையேறிய 'மொன்செராத்' நாடகமே அவருக்குப் பெரும்புகழ் தந்தது. வெனிசுலா, 1812. பொலிவாரைத் தப்பவைத்த ஸ்பானிய அதிகாரி மொன்செராத், அவரது மறைவிடத்தைச் சொல்லவேண்டும். இல்லையேல் தெருவில் பிடித்துவரப்பட்ட அப்பாவிகள் அறுவரும் சுடப்படுவர். குயவர், வணிகர், நடிகர் என்று ஒவ்வொருவராய் முன்வந்து மன்றாடுவதில் ஓர் இயந்திரத்தனம் இருக்கவே செய்கிறது. கொடியவனான இஸ்கியெர்தோவும் அளவுக்கு மீறிச் சாமர்த்தியமாகப் பேசுகிறான். ஆயினும், குழந்தைகளை வீட்டில் விட்டுவந்த தாயின் கெஞ்சலுக்கு எந்தக் கொள்கையாலும் பதில் சொல்ல முடியவில்லை. நாடகாசிரியரும் பதில் சொல்லிச் சமாளிக்கவில்லை. இதனாலேயே இந்நாடகம் வெறும் புரட்சிப் பிரசாரமாகிவிடாமல் தப்பியது என்பேன். (1949 இல் லில்லியன் ஹெல்மன் இதை ஆங்கில மேடைக்குத் தழுவினார். இன்னொரு நாவலை லூயி புனுவேல் 1956 இல் படமாக்கினார். 1973 இல் கொன்கூர் அக்கடமி அவரை உறுப்பினராக்கியது.)

ஆனால் என் கணிப்பில் ரொப்ளெஸின் பெரும்பணி வேறு. அல்ஜியர்ஸில் அவர் நடத்திய 'ஃபோர்ஜ்' சஞ்சிகையும், பரிஸின் செய் பதிப்பகத்தில் அவர் தொடங்கிய 'மத்தியதரை' நூல்வரிசையும் முஸ்லிம் எழுத்தாளர்களுக்கு வாசல் திறந்தன. முஹம்மத் தீப் அவ்வழியே வந்தவர். ஆசிரியர் கலாசாலையில் ரொப்ளெஸுடன் படித்த மௌலூத் ஃபெராவூனும் அப்படியே. பிறரை வளர்க்கச் செலவிட்ட காலத்தை எந்த விமர்சகரும் கணக்கில் எடுப்பதில்லை.

1962 மார்ச் 15 ஆம் திகதி, அல்ஜியர்ஸின் எல்பியாரில், பிரெஞ்சுத் தீவிரவாத அமைப்பான ஓஏஎஸ் ஃபெராவூனையும் சக உத்தியோகத்தர் ஐவரையும் சுட்டுக் கொன்றது. மூன்று நாட்களில் எவியன் உடன்படிக்கை கைச்சாத்தானது. ஃபெராவூன் 1955 முதல் எழுதிவந்த நாட்குறிப்பு அவ்வருடமே செய் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. அதற்கு முன்னுரை எழுதியவர் ரொப்ளெஸ்.